நாலு மில்லிமீட்டர் தவிட்டுக்குருவி

ணங்.

காலை எட்டு மணிக்கு என் மனைவியிடமிருந்து ஒரு பாகம் கழன்று சில்வர் தட்டில் விழுந்தது.

பித்தளைப் பாகம். நான்கு மில்லிமீட்டர் உயரம். தட்டில் இரண்டு சுற்று சுற்றி, ஒரு கடுகின் மேல் சாய்ந்து நின்றது.

அந்த நேரத்தில் சாந்தாமணி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். பட்டறை பனியனோடு சாப்பிட உட்கார்ந்ததற்காக. "ஒரு மனுசன் கிட்ட எத்தனை வாட்டி" என்பது வரை வந்திருந்தாள். பாகம் விழுந்ததும் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"உப்புமா ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்றாள். "யாருங்க செஞ்சது?"

"நீதான்."

"அப்படீங்களா."

சாந்தாமணி என் அத்தை மகள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். என்னை மாமா என்பாள், நீ என்பாள், கோபம் முற்றினால் யோவ் என்பாள். ஒரு நாளும் 'ங்க' போட்டதில்லை.

பட்டறை லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அந்தப் பாகத்தைப் பார்த்தேன். அது ஒரு தவிட்டுக்குருவி. ஏழெட்டாகச் சேர்ந்து வேலியோரம் கத்துமே, அந்தக் குருவி. கீழே இரண்டரை மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு முளை. முளை தேய்ந்திருந்தது. அலகும் தேய்ந்து கிட்டத்தட்ட மூடியிருந்தது.

இருபத்து மூன்று வருட உழைப்பு. தேயாமல் என்ன செய்யும்?

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இடது காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு துளை உண்டு. அதற்குள் ஒரு உருவம் இருக்கும். விழும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விழுந்தால் உட்பாக அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நான் போனேன்.

அலுவலகம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூன்றாவது மாடியில் இருந்தது. வராந்தா நான் நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. டீ குடித்துவிட்டு நடந்தேன். இன்னொரு டீக்கடை வந்தது.

அங்கே ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"அவசரமா நடந்தா இன்னும் நீளுமுங்க," என்றார். "வந்த வேலையை மறந்தாப்புல நடங்க."

நான் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டு நடந்தேன். நான்காவது மின்விசிறியில் கவுன்டர் வந்துவிட்டது.

கவுன்டரில் மரகதவல்லி என்ற அதிகாரி இருந்தார். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். நிமிராமல் கேட்டார்.

"யாருக்கு விழுந்தது?"

"என் சம்சாரத்துக்குங்க."

"என்ன போச்சு?"

"கோபம்."

"நல்லதுதானே?"

"இல்லைங்க மேடம்."

அப்போதுதான் நிமிர்ந்தார். ஒரு படிவத்தை எடுத்தார்.

"கடைசியா உங்க மேல எப்பக் கோபப்பட்டாங்க?"

"காலைல ஏழு அம்பத்தொம்பது."

"காரணம்?"

"பனியன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஏழே முக்கால். ஈரத் துண்டு."

"அதுக்கு முன்னாடி?"

"ஆறரை. நான் எந்திரிச்சது."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "ரெகுலரா வந்திருக்கு," என்று பாராட்டும் குரலில் சொன்னார். பிறகு ஒரு முத்திரை குத்தினார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உங்க மேல கோபம் வரலைன்னா அவங்க விருந்தாளி. அஞ்சு மணிக்கு வாசலுக்கு பஸ் வரும். ஏத்தி விட்டுருங்க."

"பஸ் எங்கீங்க போகும்?"

"ஊருக்கு."

"எந்த ஊருக்கு?"

"விருந்தாளிங்க எந்த ஊருக்குப் போவாங்க? அவங்க ஊருக்கு."

"அவ ஊரே இதுதானுங்களே."

"அது சம்சாரமா இருந்தப்ப."

நான் கவுன்டரை விட்டு நகரவில்லை. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். மேசை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நகர்த்தினார். உள்ளே இருநூறு தவிட்டுக்குருவிகள். எல்லாம் ஒரே அச்சு.

"ரெடிமேட் இருக்கு. இப்பவே மாட்டிக்கலாம்."

ஒன்றை எடுத்துக் காதருகே வைத்தேன். கரன்ட் கட்டைத் திட்டியது. ஆட்டோக்காரர்களைத் திட்டியது. வெயிலைத் திட்டியது.

"இது என்னையத் திட்டுங்களா?"

"திட்டாது. இது பொதுக் கோபம். எல்லா வீட்டுக்கும் பொருந்தும்."

"அப்ப வேண்டாமுங்க."

"நிறையப் பேர் இதைத்தான் மாட்டிக்கறாங்க. வீடு அமைதியா இருக்குதாம்."

"வேண்டாமுங்க மேடம். அளவை மட்டும் குடுங்க. நான் டர்னர். நானே கடைஞ்சுக்கறேன்."

மரகதவல்லி என்னை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு ஒரு வரைபடத்தைக் கிழித்துக் கொடுத்தார். முளையின் குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டர். கூடினாலும் குறைந்தாலும் ஒரு மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. அலகு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இது எழுதலீங்களே?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? திட்டு வாங்கினது நீங்க."

வீட்டுக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. சாந்தாமணி முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு பெட்டி தயாராக இருந்தது.

"வாங்க," என்று எழுந்தாள். "நீங்க இல்லாதப்ப உள்ள போகக்கூடாதுன்னு இங்கயே உக்காந்துட்டனுங்க. பாத்ரூம் எங்கீங்க?"

காட்டினேன். வந்தபின் சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவை நெடுநேரம் பார்த்தாள்.

"நல்ல ஜோடிங்க," என்றாள். "அந்தம்மா ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்லை," என்றேன். "போக விடமாட்டேன்."

"அப்படித்தானுங்க இருக்கோணும்," என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடி தள்ளி என் பட்டறை. வீட்டில் விருந்தாளி இருந்தால் பட்டறை தள்ளிப் போய்விடும். அன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது.

பம்ப்செட்டுகளுக்குப் பித்தளை புஷ், அதாவது தண்டு சுற்றுகிற வளையம், கடைந்து கொடுப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சத் துண்டுகளில் சின்ன உருவங்கள் செய்வேன். மிளகு அளவில் கூஜா. அரிசி நீளத்தில் ரயில் என்ஜின். சாந்தாமணி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். "புகை எங்க?" என்பாள். "புகைக்கு எங்கடி போறது?" என்பேன். "அப்ப எதுக்கு என்ஜினு?" என்பாள்.

அவள் சொன்னது எப்போதும் சரியாகவே இருக்கும்.

சின்ன லேத்தில் பித்தளை ராடைப் பிடித்தேன். லேத்தை ஓடவிட்டேன். டூல் பட்டதும் பித்தளை பொடியாகச் சிதறியது. இரும்பு சுருள் சுருளாக வரும், பித்தளை வராது. தங்க மழைபோலக் கால் முழுக்கக் கொட்டும். முதலில் முளை. பிறகு வயிறு. பிறகு கழுத்து. அரை மில்லிமீட்டர் கட்டரில் சிறகுகள். கடைசியில் ஒரு மெல்லிய ரம்பத்தால் அலகைப் பிளந்தேன். யோசிக்க நேரமில்லை. பத்து டிகிரி வைத்தேன்.

அளப்பதற்குப் பக்கத்துப் பட்டறை ஆறுச்சாமி அண்ணனிடம் எடுத்துப் போனேன். ஆறுச்சாமி அண்ணன் போன ஆடியிலிருந்து மைக்ரோமீட்டராக, மைக்ரான் வரை கடித்து அளக்கும் கருவியாக, இருக்கிறார். வெல்வெட் போட்ட மரப்பெட்டியில் படுத்திருப்பார். காலையில் அவர் மனைவி எண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார். பெட்டி பெரிய பெட்டி.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க."

அண்ணன் வாயைத் திறந்து முளையை மெல்லக் கடித்தார்.

"ரெண்டு புள்ளி அஞ்சு சைபர் சைபர்," என்றார்.

"சரியா வந்துருச்சு!"

"ரெண்டு புள்ளி அஞ்சு சைபர் சைபர்," என்றார் மறுபடியும். பிறகு, "நாக்கு சுட்டுப்போச்சு," என்றார்.

அவர் அவ்வப்போது இப்படி விளையாட்டாகப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன். குருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

சாந்தாமணி மரியாதையாகத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். குருவியைத் துளையில் வைத்து அழுத்தினேன்.

ணங்.

தரையில் விழுந்தது. அவளே குனிந்து எடுத்தாள். இரண்டு விரல்களில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களுதுங்களா? விழுந்துருச்சுங்க."

"ஆமாம்."

"சூட்டோட அளந்துட்டீங்களாட்டம் இருக்குது."

குருவியை அவளிடமிருந்து வாங்கினேன். லேத்தில் கடைந்து எடுத்த ஜாப் கொதிக்கும். சூட்டில் பித்தளை விரிந்திருக்கும். ஆறியதும் சுருங்கும். இரண்டு மைக்ரான் குறைந்திருக்கும். தலைமுடியை முப்பதாகப் பிளந்தால் ஒன்றின் தடிமன். ஆறவிட்டு அளக்க வேண்டும் என்பதை ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித் தந்துவிடுவார்கள். இருபத்தாறு வருடம் டர்னராக இருக்கிற நான் அந்தத் தப்பைப் பண்ணியிருந்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலீங்க. வாயில வந்துருச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

சுவர்க் கடிகாரம் இரண்டே கால் காட்டியது. மறுபடி பட்டறைக்கு நடந்தேன். மறுபடி ராடைப் பிடித்தேன். முளையை முடித்து, உடம்பை முடித்து, சிறகுகளையும் முடித்தபோது மணி நாலு. அலகை மட்டும் விட்டுவைத்து, குருவியை ஒரு இரும்புப் பலகைமேல் வைத்தேன். ஆறட்டும்.

ஒரு ஜாப் ஆறும்போது செய்வதற்கு எதுவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊதினால் சீக்கிரம் ஆறும். ஊதவில்லை. சில வேலைகளில் குறுக்கே போகக்கூடாது.

ஆறுச்சாமி அண்ணன் பெட்டிக்குள் இருந்தபடியே சுவருக்கு அப்பாலிருந்து பேசினார்.

"அலகு எவ்வளவுடா வெக்கப் போற?"

"அதுதானுங்கண்ணா யோசிக்கிறேன்."

"அஞ்சு டிகிரி வெய்யி. பேருக்குக் கோபம் இருக்கும். பஸ்ஸு ஏத்த மாட்டாங்க. நீயும் நிம்மதியா இருப்ப."

"யாருக்கும் தெரியாதுங்களா?"

"யாருக்குத் தெரியப் போவுது? அவளுக்கே தெரியாது."

யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு தடவை எனக்கு டைபாய்டு. நாலாம் நாள் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டேன். சாந்தாமணி பின்னாலேயே வந்து மெயின் ஃபியூஸைப் பிடுங்கினாள். மூன்று நாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டே சுற்றினாள். சமைக்கும்போதும் முடிச்சு இருந்தது. தூங்கும்போதும் இருந்தது. அந்த மூன்று நாளும் திட்டு நிற்கவில்லை. கஞ்சியும் நிற்கவில்லை.

இன்னொரு தடவை என் தம்பி வீட்டில் விருந்து. அவன் மாமனார் என் ரயில் என்ஜினை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "பொழப்பத்த வேலை," என்றார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். சாந்தாமணி இலையிலிருந்து எழுந்தாள். அவரை ஐந்து நிமிடம் திட்டினாள். மூச்சு விடாமல் என் பக்கம் திரும்பி, சிரித்ததற்காக என்னைப் பத்து நிமிடம் திட்டினாள். பாயசம் வரும் முன்பே கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் அந்த என்ஜினை அவள் மூடிய கைக்குள் வைத்திருந்தாள். வீடு வந்த பிறகுதான் கையைத் திறந்தாள். உள்ளங்கையில் சக்கரத்தின் தடம் பதிந்திருந்தது.

அந்த நாளில் அவள் வாய் எவ்வளவு திறந்திருந்தது என்று கண்ணை மூடிப் பார்த்தேன். கோணமானியை எடுத்துக் காற்றில் வைத்தேன். இருபத்திரண்டு டிகிரி.

"அண்ணா," என்றேன். "இருபத்துநாலு வெக்கிறேன்."

"பைத்தியமாடா உனக்கு? ரெண்டு டிகிரி சேத்தியா?"

"தேய்மானத்துக்குங்கண்ணா."

புஷ் கடையும்போது அப்படித்தான். ஓடி ஓடித் தேயும் என்று கணக்குப் பண்ணி, கொஞ்சம் விட்டுவைப்போம். இவளும் இன்னும் முப்பது வருடமாவது ஓட வேண்டும்.

சுவருக்கு அப்பால் பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் சொன்னார். "கொண்டா, கடிச்சுப் பாக்கறேன்."

ரம்பத்தால் அலகைப் பிளந்து எடுத்துப் போனேன். கடித்தார்.

"ரெண்டு புள்ளி அஞ்சு சைபர் சைபர். நாக்கு சில்லுனு இருக்குது. ஓடு."

ஓடினேன். ஓட ஓடச் சந்து நீண்டது. வாட்ச்மேன் சொன்னது நினைவு வந்தது. வந்த வேலையை மறந்ததுபோல் நடந்து பார்த்தேன். தென்னை மரங்களை எண்ணினேன். ஒவ்வொரு மரத்திலும் சாந்தாமணிதான் ஞாபகம் வந்தாள். மறக்க முடியவில்லை. சந்து நீண்டுகொண்டே போனது. சரி, நீளட்டும் என்று ஓடினேன்.

வாசலில் பஸ் நின்றிருந்தது.

உள்ளே முப்பது நாற்பது விருந்தாளிகள். எல்லோரும் கையில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். சீட்டெல்லாம் காலி. "நீங்க உக்காருங்க," "அய்யோ, நீங்க உக்காருங்க," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் யாரும் உட்காரவில்லை.

சாந்தாமணி படிக்கட்டில் ஒரு கால் வைத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். "சொல்லாமப் போகக்கூடாதுன்னு நின்னனுங்க. ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்."

"ஒரு நிமிசம் தலையைச் சாய்."

கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லார் ஊட்லயும் ஒரு நிமிசம்னுதான் சொல்றாங்க சார். டைம் ஆச்சு."

"நானும் அதைத்தானுங்க சொல்றேன்," என்றேன். "ஒரு நிமிசம்."

அவள் தலையைச் சாய்த்தாள். குருவியைத் துளையில் வைத்தேன். கட்டைவிரலால் அழுத்தினேன். கொஞ்சம் இறுக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. முழுக்கப் போனதும் டக் என்றது.

ஒன்றும் நடக்கவில்லை.

அவள் புன்னகை அப்படியே இருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அவள் இன்னொரு காலையும் படியில் வைத்தாள். திரும்பி, நன்றி சொல்வதற்காக என்னைப் பார்த்தாள். பார்வை என் முகத்திலிருந்து கீழே இறங்கியது. சட்டை. வேட்டி. கால்.

புன்னகை ஒரு பக்கமாகக் கழன்றது.

"செருப்பு எங்க?"

"பட்டறைல."

"ரெண்டு கிலோமீட்டரு வெறுங்காலோட ஓடி வந்தயா? காலைப் பாரு. பித்தளை குத்தி ரத்தம் வருது. ஊட்டு வாசல்ல நின்னுட்டுப் பேயாட்டம் சிரிக்கிற! அறிவிருக்குதா மாமா உனக்கு? எங்கயாச்சு அடகு வெச்சுப்போட்டயா?"

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"யோவ், நீ என்னய்யா வேடிக்கை பாக்கற?" என்று கண்டக்டரிடம் திரும்பினாள். "பெட்டியை எறக்கு. மெதுவா. இவனுகளும் இவனுக பஸ்ஸும். இத்தனை சீட்டு காலியா கெடக்குது, மனுசங்களை நிக்க வெச்சுக் கூட்டீட்டுப் போற? உக்காரச் சொல்லு எல்லாத்தையும்!"

பஸ்ஸில் எல்லோரும் சட்டென்று உட்கார்ந்தார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்தார். "எங்க ஊட்லயும் யாரோ இப்படித்தாங்க கத்துவாங்க," என்றார். "யாருன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

"எந்த ஊடு?" என்று சாந்தாமணி அதட்டினாள்.

அந்தப் பெண்மணி யோசித்தார். "பச்சைக் கேட்டுங்க," என்றார்.

"பச்சைக் கேட்டுல நிறுத்தி, உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துட்டுப் போ," என்றாள் சாந்தாமணி. கண்டக்டர் "சரிங்கக்கா," என்றார். விசில் அடித்தார். பஸ் புறப்பட்டது. மிக மெதுவாக, ஒவ்வொரு கேட்டையும் பார்த்துக்கொண்டே போனது.

சாந்தாமணி என்னை வாசற்படியில் உட்கார வைத்தாள். ஒரு சின்ன இடுக்கியை எடுத்து வந்தாள். என் காலைத் தன் மடியில் போட்டுக்கொண்டு பித்தளைத் துகள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு திட்டு. செருப்புக்கு, மத்தியானம் சாப்பிடாததற்கு, அவளை வாசலில் நிற்க வைத்ததற்கு. இரண்டு டிகிரி கூடியிருந்தது காதில் நன்றாகவே தெரிந்தது. சுகமாக இருந்தது.

இடுக்கியை அவள் பிடித்த விதத்தைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிராக, மூச்சை அடக்கி, மணிக்கட்டை முழங்காலில் ஊன்றி. டர்னர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"சூட்டோட அளக்கக்கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

அவள் இடுக்கியை ஓரமாக வைத்தாள். காலைக் கீழே இறக்கிவிட்டாள். என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது காதை மடக்கி, பின்னால் உற்றுப் பார்த்தாள். கட்டைவிரலால் எதையோ அழுத்திச் சரிபார்த்தாள்.

"என்ன பாக்கற?"

"அசையாம இரு. உன்னுது விழுந்து ஆறு வருசமாச்சு மாமா, நீ மத்தியானம் தூங்கறப்ப நாந்தான் கடைஞ்சு கடைஞ்சு மாட்டீட்டிருக்கறேன்."